கண்ணாடியே இல்லாத லென்ஸ்

ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரில் ஆஸ்கார் பார்னாக் என்றொரு மெக்கானிக் இருந்தார். நுண்ணோக்கிகள் செய்யும் எர்ன்ஸ்ட் லைட்ஸ் நிறுவனத்தில் 1911-ல் வேலைக்குச் சேர்ந்தவர். ஓய்வு கிடைத்தால் காடு மேடெல்லாம் சுற்றிப் படம் எடுப்பதில் அவருக்குக் கொள்ளை ஆசை. உடம்புதான் ஒத்துழைக்கவில்லை. ஆஸ்துமா. அந்தக் காலத்துக் கேமராவோ பெட்டி, முக்காலி, கண்ணாடித் தட்டுகள் என்று ஒரு பெரிய மூட்டை. அதைச் சுமந்து மேடு ஏறுவதற்குள் மூச்சு இரைத்தது. ஆசையை விட மனமில்லாத பார்னாக், பாரத்தைக் குறைக்க வழி தேடினார். வழி, சினிமாக்காரர்களின் ஃபிலிம் டப்பாவுக்குள் இருந்தது.

சினிமா ஃபிலிமின் அகலம் 35 மி.மீ. அதில் ஒரு ஃபிரேம் 24 மி.மீ. நீளமும் 18 மி.மீ. உயரமும் கொண்டது. பார்னாக் ஃபிலிமைக் குறுக்காக ஓடவிட்டு, இரண்டு ஃபிரேம்களின் இடத்தை ஒரே படத்துக்குக் கொடுத்தார். 36 மி.மீ. நீளம், 24 மி.மீ. உயரம். சட்டைப்பைக்குள் போகும் கேமரா ஒன்று 1914 வாக்கில் தயாரானது. உடனே உலகப் போர் மூண்டு, கேமரா மூலையில் கிடந்தது. போருக்குப் பிறகு, 1924-ல் இதைத் தயாரித்து விற்கலாமா என்ற பேச்சு வந்தபோது வேண்டாம் என்று தடுத்தவர்கள் உண்டு. முதலாளி துணிந்து சரி என்றார். அடுத்த ஆண்டு லைப்சிக் சந்தையில் ‘லைக்கா’ அறிமுகமானது. 36 மி.மீ. என்ற எண், உலகெங்கும் புகைப்படக்காரர்களின் அளவுகோலாகவே ஆகிப்போனது. ஃபிலிமே இல்லாத ஓர் உலகத்துக்கும் அந்த எண் ஒருநாள் போய்ச் சேரவிருந்தது.

அந்த உலகத்தின் கதவு 1972-ல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் திறந்தது. எட் கேட்மல் என்ற மாணவர் தன் இடது கையை வைத்து பிளாஸ்டர் வார்ப்பு எடுத்தார். வார்ப்பின் மேல் சுமார் 350 முக்கோணங்களும் பல்கோணங்களும் வரைந்து, ஒவ்வொரு மூலையையும் அளந்து கணினிக்குள் ஏற்றினார். திரையில் ஒரு கை திரும்பியது, விரல்களை மடக்கியது. கேமரா கையின் உள்ளேயே நுழைந்து விரல்களுக்குள் எட்டிப் பார்த்தது. உலகில் எந்த ஒளிப்பதிவாளராலும் எடுக்க முடியாத காட்சி அது. ஆனால் அதைப் பார்த்த அந்தக் கண்ணில் ஒரு குறை ஒளிந்திருந்தது.

ஓட்டு வீட்டின் கூரைப் பொத்தல் வழியே தரையில் விழும் வெயில் வட்டம்தான் அந்தக் கண்ணின் இலக்கணம். ஊசித்துளை. கணினியில் அந்தத் துளைக்குப் பருமன் என்பதே கிடையாது. வெறும் ஒரு கணிதப் புள்ளி. அதனால் மூக்கு நுனியில் இருக்கும் பூவும் அடிவானத்து மலையும் ஒரே கூர்மையில் தெரிந்தன. எதைப் பார்ப்பது என்று மனிதக் கண் தவித்தது. லென்ஸின் துளையைத் திறந்துவைத்து, நாயகியின் முகத்தை மட்டும் தெளிவாக்கி, பின்னணியைக் கரைத்துவிடும் ஒளிப்பதிவாளரின் பழைய வித்தை இங்கே செல்லவில்லை. இல்லாத லென்ஸின் துளையை எப்படித் திறப்பது?

1981-ல் மைக்கேல் பாட்மெசில், இந்திரனில் சக்ரவர்த்தி என்ற இருவர் அதற்கு ஒரு வழி சொன்னார்கள். முதலில் எல்லாவற்றையும் கூர்மையாக வரைந்துகொள்வது; பிறகு ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று பார்த்து, லென்ஸ் கணக்கின்படி கலங்கவைப்பது. கணினிப் படத்துக்கு முதன்முறையாக லென்ஸும் துளையும் வந்தன. ஆனால் வரைந்து முடித்த படத்தைத்தான் கலங்கவைக்க முடிந்தது. நிஜ லென்ஸ், முன்னால் இருக்கும் பொருளின் ஓரத்தைச் சுற்றிப் பின்னால் இருப்பதையும் கொஞ்சம் எட்டிப் பார்க்கும். இந்தக் கணக்கில் அது கைகூடவில்லை. அந்த முடிச்சு அவிழ்வதற்குள், கலிஃபோர்னியாவில் ஒரு மலை குறுக்கே வந்து நின்றது.

கேட்மல் அப்போது ‘ஸ்டார் வார்ஸ்’ படம் எடுத்த ஜார்ஜ் லூகாஸின் நிறுவனத்தில் கணினிப் பிரிவை நடத்திக்கொண்டிருந்தார். இந்தப் பிரிவால் சினிமாவுக்கு என்ன பயன் என்று லூகாஸுக்கு இன்னும் பிடிபடவில்லை. ‘ஸ்டார் ட்ரெக் 2’ படத்துக்காக, உயிரற்ற ஒரு கோள் தீப்பற்றிப் பசுமையாகும் சுமார் ஒரு நிமிடக் காட்சி இவர்களிடம் வந்தது. லூகாஸ் கேமரா நகர்வைக் கூர்ந்து கவனிப்பவர் என்று பிரிவின் முன்னோடிகளில் ஒருவரான ஆல்வி ரே ஸ்மித்துக்குத் தெரியும். அதனால் கோளை நெருங்கி, தீயோடு ஓடி, மலைகளை உரசிப் பறந்து வெளியேறும் ஒரே தொடர் நகர்வாகக் காட்சியை அமைத்தார். வேலை பாதி நடந்தபோதுதான் கவனித்தார்கள்: கேமராவின் பாதை ஒரு மலைக்குள் நேராகப் புகுந்து வெளியே வந்தது.

கேமரா பாதையைத் திருத்தினால் நகர்வின் நேர்த்தி கெட்டுவிடும். ஆகவே மலையை வெட்டினார்கள். கேமரா நுழையும் இடத்தில் ஒரு கணவாய் முளைத்தது. 1982-ல் படம் வெளிவந்த பிறகு லூகாஸ் ஸ்மித்தின் அறை வாசலில் தலையை நீட்டி, கேமரா நகர்வு பிரமாதம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மறைந்தார். அடுத்த ஸ்டார் வார்ஸ் படத்தில் அந்தப் பிரிவுக்கு வேலை கிடைத்தது. மலை, நெருப்பு, உயிர் எல்லாவற்றையும் படைத்துக் காட்டியும், சினிமாக்காரரின் மனதைத் தொட்டது கேமரா நகர்ந்த விதம்தான். ஆனால் நகர்வு என்றதும் அடுத்த சிக்கல் வந்து நின்றது.

சினிமா கேமரா ஒரு நொடிக்கு 24 படங்கள் எடுக்கிறது. ஒவ்வொரு படத்துக்கும் ஷட்டர் வழக்கமாகப் பாதி நேரம், அதாவது ஒரு நொடியில் 48-ல் ஒரு பங்கு திறந்திருக்கும். அந்த இடைவெளியில் ஓடுகிற குதிரையின் கால் கொஞ்சம் இழுபட்டுப் பதியும். அந்த இழுபடல்தான் அடுத்தடுத்த படங்களை ஒட்டவைக்கும் பசை. பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி எடுத்த படங்களில் இது இல்லாததால், 1933-ன் கிங்காங் வெட்டி வெட்டி நடந்தது. லூகாஸின் தந்திரக் காட்சிக் கலைஞர்கள் 1981-ல் ‘டிராகன் ஸ்லேயர்’ படத்துக்காக, ஷட்டர் திறந்திருக்கும்போதே பொம்மை அசையும்படி கம்பிகளால் இயக்கி இதைச் சரிசெய்தார்கள். கணினிக்குள் கம்பி கட்ட முடியாது. அங்கே உதவிக்கு வந்தது ஒரு குரங்கு.

கணினி ஒரு காட்சியைப் புள்ளி புள்ளியாகத் தொட்டுப் பார்த்துத்தான் வரைகிறது. புள்ளிகளை வரிசை பிசகாமல் அடுக்கினால் இல்லாத கோலங்கள் தோன்றிவிடும், டி.வி.யில் கட்டம் போட்ட சட்டை நெளிவதைப் போல. புள்ளிகளைக் கொஞ்சம் கலைத்துப்போட்டால் என்ன என்று லூகாஸின் குழு யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில், 1983-ல் ஓர் அறிவியல் கட்டுரை வந்தது. ரீசஸ் குரங்கின் விழித்திரையில், நடுமையம் தவிர்த்த பகுதிகளில், ஒளி உணரும் செல்கள் வரிசையாக இல்லை. ஒன்றையொன்று நெருக்காமல், ஆனால் ஒழுங்கின்றிச் சிதறிக்கிடக்கின்றன என்றது அது. இயற்கை எப்போதோ தீர்த்துவைத்த கணக்கு! சிதறலைப் பிடித்துக்கொண்ட அந்தக் குழுவின் ராப் குக், தாமஸ் போர்ட்டர், லோரன் கார்ப்பெண்டர் மூவரும் அதை இடத்தோடு நிறுத்தவில்லை.

காட்சியைத் தொட்டுப் பார்க்க, படத்தின் ஒரு புள்ளிக்கு 16 கதிர்கள் அனுப்பினார்கள். ஒவ்வொரு கதிரும் ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தில் வெவ்வேறு கணத்தில் புறப்பட்டது. லென்ஸின் வெவ்வேறு இடம் வழியே போனது. விளக்கின் வெவ்வேறு மூலையைத் தொட்டது. முதலாவதால் அசைவின் இழுபடல் வந்தது. இரண்டாவதால் ஃபோகஸ் வந்தது. மூன்றாவதால் நிழலின் ஓரம் மென்மையானது. பாட்மெசிலும் சக்ரவர்த்தியும் விட்ட இடத்தில் இருந்த முடிச்சும் கூடவே அவிழ்ந்தது. ஒரே செலவில் மூன்று வரவு!

1984-ல் போர்ட்டர் வரைந்த ஒரு படம் இதற்குச் சாட்சியானது. பச்சை மேசையில் பில்லியர்ட்ஸ் பந்துகள். அவற்றின் எண்கள் 1, 9, 8, 4. 9-ஆம் பந்து ஷட்டர் மூடுவதற்குள் சட்டென்று திசை திரும்புகிறது. 8 நடுவில் மட்டும் அசைகிறது. 4 கடைசிக் கணத்தில்தான் கிளம்புகிறது. ஒரு நொடியின் சிறு துண்டுக்குள் மூன்று கதைகள். பந்துகளின் பளபளப்பில் அறையின் பிம்பமும் சேர்ந்து இழுபடுகிறது. பார்த்தவர்கள் புகைப்படம் என்றே நம்பக்கூடிய படம். கண் தயாராகிவிட்டது. ஆனால் அந்தக் கண்ணை எங்கே வைப்பது, எப்போது அசைக்காமல் இருப்பது என்பதைக் கற்றுத்தர ஒரு மேசை விளக்கு வரவேண்டியிருந்தது.

1986-ல் கணினிப் பிரிவு பிக்சார் என்ற தனி நிறுவனமானது. அங்கே அனிமேட்டராக இருந்த ஜான் லாசெட்டருக்குக் கையில் நேரமும் இல்லை, கணினி வசதியும் இல்லை. அதனால் ‘லக்ஸோ ஜூனியர்’ குறும்படத்தில் கேமராவை ஒரே இடத்தில் நிறுத்தி, பின்னணியை இருட்டில் விட்டார். ஒரு பெரிய விளக்கு, ஒரு குட்டி விளக்கு, ஒரு பந்து. டல்லாஸ் நகரில் படம் திரையிடப்பட்டதும், கணினி வரைகலை மேதை ஜிம் பிளின் லாசெட்டரை நோக்கி வந்தார். நிழல்களை எப்படிக் கணக்கிட்டாய் என்று கேட்கப்போகிறார் என லாசெட்டர் நெஞ்சு படபடக்க நின்றார். பிளின் கேட்டதோ, பெரிய விளக்கு அம்மாவா, அப்பாவா என்று! அசையாத கேமராவின் வெற்றி அது. 1995-ல் ‘டாய் ஸ்டோரி’ முழுநீளப் படமாக வந்து உலகை வென்றது. எல்லாம் கைக்குள் வந்துவிட்டதாகத் தோன்றியது, ஒரு குப்பை அள்ளும் ரோபோவின் கதை வரும்வரை.

‘வால்-ஈ’ படத்தின் முதல் பகுதியில் வசனம் ஏறக்குறைய இல்லை. கேமராதான் பேச வேண்டும். இயக்குநர் ஆண்ட்ரூ ஸ்டான்டன் 1970-களின் விண்வெளிப் படங்களைப் பார்த்து வளர்ந்தவர். அந்தத் தோற்றம் தன் படத்தில் வரவில்லையே என்று தவித்தார். எல்லாம் சரியாக இருந்தும் ஏதோ குறைந்தது. பிக்சார் குழு 1970-களின் பானாவிஷன் கேமராக்களைக் கொண்டுவந்தது. வால்-ஈயின் முழு உருவ மாதிரியை நிற்கவைத்து, விளக்குப் போட்டு, நிஜமாகவே படம் எடுத்தார்கள். பிறகு அதே காட்சியைக் கணினியில் உருவாக்க முயன்று, இரண்டையும் ஒப்பிட்டார்கள். குறைந்தது என்ன என்று அங்கே தெரிந்தது.

குறைந்தது குறைகள்தான். நிஜ லென்ஸில் பின்னணி வேறு விதமாகக் கரைந்தது. அகலத்திரைக்கான அனாமார்ஃபிக் லென்ஸில், ஃபோகஸுக்கு வெளியே நிற்கும் விளக்குகள் வட்டமாக இல்லாமல் முட்டை வடிவில் நீண்டன. கையில் பிடித்த கேமரா ஒரு கணம் தடுமாறிப் பிறகுதான் ஆளைப் பிடித்தது. ஒளிப்பதிவாளர் ராஜர் டீக்கின்ஸ் ஓர் உரை நிகழ்த்த வந்தார். இன்னும் இரண்டு வாரம் இருந்துவிட்டுப் போங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். கேமராவையும் ஒளியையும் சிக்கலாக்க வேண்டாம் என்பதே அவர் தந்த பாடம். கணினியில் எத்தனை விளக்குகளையும் செலவில்லாமல் போடலாம் என்று பழகியவர்கள், இருட்டை இருட்டாகவே விடக் கற்றார்கள். 2008-ல் படம் வந்தபோது, துருப்பிடித்த ஒரு பெட்டி வானத்தைப் பார்த்து ஏங்கியதற்கு மக்கள் கண் கலங்கினார்கள். ஆனால் இந்த வித்தையெல்லாம் பெரிய ஸ்டுடியோக்களின் சொத்தாகவே நின்றுவிட்டதா?

இல்லை. அதற்கான விடை சில ஆண்டுகளுக்கு முன்பே நெதர்லாந்தில் எழுதப்பட்டிருந்தது. டன் ரோசன்டால் என்பவர் தன் ஸ்டுடியோவுக்காக எழுதத் தொடங்கிய மென்பொருள் ஒன்று, அதை விற்ற நிறுவனம் 2002-ல் மூடப்பட்டதும் அனாதையானது. 1 லட்சம் யூரோ கொடுத்தால் மூல நிரல்களை விட்டுத்தருவதாக முதலீட்டாளர்கள் சொன்னார்கள். அந்தத் தொகையைப் பயனர்கள் ஏழே வாரத்தில் திரட்டினார்கள். அந்த அக்டோபரில் மென்பொருள் எல்லோருக்கும் இலவசமானது. அதன் பெயர் பிளெண்டர்.

இன்று ஒரு மாணவி தன் பழைய லேப்டாப்பில் பிளெண்டரைத் திறந்ததும், கேட்காமலே ஒரு கேமரா எதிரே நிற்கிறது. அதன் அமைப்புகளில் வரிசையாக எண்கள். லென்ஸ் 50 மி.மீ. துளை 2.8. அதன் கீழே, பின்னணி விளக்குகளை முட்டை வடிவில் நீட்டுவதற்கென்றே ஓர் எண். பானாவிஷன் லென்ஸின் நினைவு. படம் வரையும் அமைப்புகளில், அசைவின் இழுபடலுக்கு ஷட்டர் 0.5, சினிமா கேமராவின் அதே பாதி நேரம். கண்ணாடி இல்லை, துளை இல்லை, ஷட்டர் இல்லை. இருந்தும் ஒவ்வோர் எண்ணும் ஒளிப்பதிவாளரின் பாடப்புத்தகத்திலிருந்து வந்தது. கணினியில் படம் செய்யக் கற்பவர்கள் புகைப்படக்கலையின் அரிச்சுவடியிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் இதுதான். மேடையில் இருப்பவை புதியவை. பார்க்கும் கண் பழையது.

அந்த எண்களுக்கு நடுவே, ‘சென்சார் அளவு’ என்ற இடத்தில் 36 மி.மீ. என்று எழுதியிருக்கிறது. பலரும் அதைத் தொடுவதே இல்லை. மேடு ஏற முடியாமல் மூச்சு வாங்கிய ஒரு மெக்கானிக், சுமையைக் குறைக்க சினிமா ஃபிலிமைக் குறுக்காகத் திருப்பியபோது கிடைத்த எண் அது.