கூரைமேல் நடந்த அப்பல்லோ

நான் சூளை வைத்துப் பிழைப்பவன். அதனால் ரோமின் வில்லா ஜூலியா அருங்காட்சியகத்தில் அப்பல்லோவின் புகழ்பெற்ற புன்னகையைவிட, அவன் கால்களுக்கு நடுவே நிற்கும் தாங்குதூண்தான் முதலில் என் கண்ணில் பட்டது. சுமார் 1.8 மீட்டர் உயரச் சுடுமண் உருவம், முன்னால் சாய்ந்து நடக்கிறது. அந்த எடையைக் கணுக்கால்கள் தாங்காது. தூணை வைத்து, சுருள் சுருளாக அலங்கரித்து, அதையும் சிற்பத்தின் அழகாக்கிவிட்டான் அந்தக் கலைஞன்.

ரோமுக்கு வடக்கே வேயி என்ற நகரத்தில் 1916இல் கிடைத்த சிலை அது. ரோமானியர் வலுப்பெறும் முன்பே இத்தாலியில் வாழ்ந்த எத்ருஸ்கர்களின் நகரம் வேயி. கி.மு. 510 வாக்கில், கோயில் கூரையின் முகட்டில் ஹெராக்ளீஸை எதிர்த்து நின்றவன்.

எத்ருஸ்கர்களின் கோயிலில் அடித்தளம் மட்டுமே கல். மேலே பச்சைச் செங்கல்லும் மரமும். மழையிலிருந்து அவற்றைக் காக்கச் சுடுமண்ணால் போர்த்தினார்கள். தட்டையான ஓடுகள் சேரும் இடுக்கை மூட வளைந்த ஓடு ஒன்றைக் கவிழ்ப்பார்கள். கூரை விளிம்பில் அதன் வாய் திறந்தே கிடக்கும். அதை அடைக்க வைத்த வில்லைதான் மெல்ல மெல்ல முகமானது: சிரிக்கும் பெண், சாட்டிர் என்ற காட்டுத்தேவன், நாக்கை நீட்டிய கோர்கன் என்ற அரக்கி. அச்சில் மண்ணை அழுத்தி எடுத்து, வெள்ளை, சிவப்பு, கறுப்பு தீட்டினார்கள். பிறகு முகத்தைச் சுற்றிச் சிப்பி போல விரிந்த வளையமும் சேர்ந்தது. பாதாம் வடிவக் கண்ணும் தடித்த கோடுகளும் தொலைவிலிருந்து பார்ப்பவனுக்காக. அதை முதிராத கலை என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

அந்த அப்பல்லோவைவிட ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு பழையது, இத்தாலியின் முர்லோ அருகே போஜ்ஜோ சிவிதாதேயில் இருந்த பட்டறை. அது தீப்பிடித்தபோது, காயப்போட்டிருந்த ஓடுகளை மிதித்துக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். அந்தக் காலடித் தடங்கள் இன்றும் இருக்கின்றன. எத்ருஸ்கப் பட்டறையில் உழைத்தவர்களை இவ்வளவு அருகில் காட்டும் சான்று வேறெதுவும் எனக்குத் தெரியாது.

ரோமின் ஜூபிடர் கோயில் முகட்டுக்காக வேயியில் செய்த மண் தேரைப் பற்றிப் பண்டைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் ஒரு கதை சொல்கிறார். நெருப்பில் சுருங்க வேண்டிய மண் ஊதிப் பெருத்து, சூளையையே பிரித்துத்தான் எடுக்க முடிந்ததாம். அதை நல்ல சகுனமாகக் கொண்ட வேயி மக்கள் தேரைத் தர மறுத்தார்கள். மண் சுடுபவனுக்கு அந்த வியப்பு புரியும்.

பின்னாளில் ரோமில் கிரேக்கச் சிலைகள் வந்து குவிந்தன. கி.மு. 195இல் ரோமானிய அரசியல்வாதி கேட்டோ, கிரேக்க அலங்காரங்களை மெச்சுபவர்கள் நம் தெய்வங்களின் மண் முகங்களைப் பார்த்துச் சிரிக்கிறார்களே என்று வருந்திப் பேசியதாக ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார்.

ரோமுக்குப் போனால் வில்லா ஜூலியாவுக்கு அரை நாள் ஒதுக்குங்கள். அந்த முகங்களுக்கு நேரே நிற்காதீர்கள். குனிந்து, கீழிருந்து அண்ணாந்து பாருங்கள். அந்தக் கோணத்துக்காகத்தான் அவற்றைச் செய்தார்கள்.