சியாச்சின்: மப்ளர் கட்டுற ஊர்லேர்ந்து மைனஸ் நாற்பதுக்கு

எங்க ஊர்ல குளிர்னா மார்கழிதான். திருப்புட்குழியில் விடியற்காலை கோயிலுக்குப் போற பெரியவங்க காதை மூடி மப்ளர் கட்டிக்கிட்டு, "இந்த வருஷம் பனி ஜாஸ்திப்பா"ன்னு சொல்லுவாங்க. தெர்மாமீட்டர் வெச்சுப் பார்த்தா இருபது டிகிரி காட்டும். பிளஸ் இருபது :-) தமிழில் நாம "பனி"ன்னு சொல்றது இலை மேல உட்கார்ந்திருக்கிற ஈரத்தை. வெயில் வந்தா அரை மணி நேரத்துல காணாமப் போயிடும். வானத்துலேர்ந்து கொட்டி, ஆளையே மூடுற அந்த வெள்ளை சமாச்சாரத்துக்கும் நமக்கு அதே வார்த்தைதான். ஊட்டியில புல்லு மேல வெள்ளையா படியுற உறைபனியைப் பார்க்கவே நாம பஸ் பிடிச்சுப் போறவங்க.

ஆனா தமிழனுக்கும் பனிப்புயலுக்கும் சம்பந்தமே இல்லைன்னு நினைக்க வேண்டாம். டொரண்டோவில் பனி வாருற நம்மாளுங்களைப் பத்தி நிறைய பேர் எழுதிட்டாங்க. ஆன்சைட் போன சாஃப்ட்வேர் மக்கள் காரைப் பனிக்கு அடியிலேர்ந்து தோண்டி எடுத்த கதையும் எக்கச்சக்கமா இருக்கு. நான் எழுத நினைக்கிறது வேற. 2016 பிப்ரவரி 3-ஆம் தேதி சியாச்சினில் ஒரு பனிச்சுவர் உடைஞ்சு விழுந்தது. அதுக்கு அடியில சிக்கினவங்க பத்து பேர். எல்லாரும் மெட்ராஸ் ரெஜிமெண்டின் 19-ஆவது பட்டாலியன் காவல்சாவடியில் இருந்தவங்க. பத்துல நாலு பேர் தமிழ்நாடு: வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரி மாவட்டங்கள். மூணு பேர் கர்நாடகா. ஆந்திரா, கேரளா, மகாராஷ்டிராவிலிருந்து ஆளுக்கு ஒருத்தர். இதுல ஒரு ஊர்லயும் பனி பெய்யாது.

முதல்ல கொஞ்சம் வரலாறு, அப்புறம் மேட்டருக்கு வர்றேன்.

கோடு நின்ன இடம்

1949-ல கராச்சியில் இந்தியாவும் பாகிஸ்தானும் போர்நிறுத்தக் கோடு வரைஞ்சாங்க. 1972 சிம்லா ஒப்பந்தத்துக்கு அப்புறம் அதையே கொஞ்சம் மாத்தி கட்டுப்பாட்டுக் கோடுன்னு ஆக்கினாங்க. ரெண்டு தடவையும் வரைபடத்தில் என்.ஜே.9842-ங்கிற புள்ளியோட கோடு நின்னு போச்சு. அங்கேருந்து வடக்கே, பனியாறுகளை நோக்கிப் போகும்னு ஒரு வாசகம் மட்டும் எழுதி வெச்சாங்க. அதுக்கு மேல எந்த மனுஷன் போய் உட்காரப் போறான்னு நினைச்சிருப்பாங்க போல. புரோகிராம் எழுதறவங்களுக்குத் தெரியும்: "இந்த கேஸ் வரவே வராது"ன்னு விட்டுட்டா, அதுதான் முதல்ல வந்து நிக்கும்.

வந்து நின்னது. எழுபதுகளில் பாகிஸ்தான் பக்கமிருந்து மலையேற்றக் குழுக்கள் அங்கே போக ஆரம்பிச்சாங்க. 1978-லும் 1981-லும் கர்னல் நரேந்திர குமார் நம்ம பக்கத்துலேர்ந்து குழு கூட்டிட்டுப் போய், சியாச்சினை அளந்து படம் பிடிச்சுட்டு வந்தார். 1961-ல நீலகண்ட சிகரத்துல பனிக்கடிக்கு நாலு கால்விரலைப் பறி கொடுத்தவர் அவர். அந்தக் காலோடதான் சுமார் 76 கி.மீ. நீளமுள்ள பனியாற்றை நடந்து கடந்தார்.

1984 ஏப்ரல் 13, நம்ம ஊர்ல சித்திரை பிறக்கிற நேரம். கேப்டன் சஞ்சய் குல்கர்னி தலைமையில் முப்பது பேர் கூட இல்லாத ஒரு சின்னப் படையை ஹெலிகாப்டர்கள் பிலாஃபோண்ட் லா கணவாய் பக்கத்துல கொண்டுபோய் இறக்கின. ஆபரேஷன் மேகதூத். பேர் காளிதாசன் காவியத்தோட பேர்தான், ஆனா மேகம் தூது போகல. இறங்கின கொஞ்ச நேரத்துலயே வானிலை மாறி, பனிப்புயல் பிடிச்சுக்கிச்சு. அதுக்கப்புறம் நாள் கணக்கா ஹெலிகாப்டர் வர வழியில்லை. புயல் ஓய்ஞ்சப்போ அந்தப் படையில் பெரும்பாலானவங்களுக்குப் பனிக்கடி. எதிரியோட குண்டு ஒண்ணு கூட அதுவரைக்கும் வெடிக்கல. அன்னைக்கு ஆரம்பிச்ச காவல் இன்னைக்கு வரைக்கும் ஒரு நாள் விடாம நடக்குது.

பனிக்குத் தயாராவது எப்படி

நம்ம ஊர்ப் பையன் ஒருத்தன் அங்கே போகணும்னா என்ன ஆகும்? மெட்ராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி மையம் நீலகிரி வெலிங்டனில் இருக்கு. மார்கழி, தையில குளிர் அங்கே நல்லாவே இருக்கும். ஆனா சியாச்சினுக்கு அது எல்.கே.ஜி.

உயரத்துக்கு உடம்பைப் பழக்கறதுதான் முதல் வேலை. விமானத்துல இறங்கி நேரா மேலே ஏறினா ஆள் காலி. ராணுவம் இதுக்கு மூணு கட்டம் வெச்சிருக்கு: 9,000 அடிக்கு மேல் ஆறு நாள், 12,000 அடிக்கு மேல் நாலு நாள், 15,000 அடிக்கு மேல் இன்னொரு நாலு நாள். ஆக மொத்தம் பதினாலு நாள். இதைத் தாண்டிக் குதிச்சா நுரையீரல்ல நீர் கோத்துக்கும். நேத்து வரைக்கும் ஓடிக்கிட்டிருந்த இருபத்தஞ்சு வயசு ஆளை அது ஒரே ராத்திரியில் கொண்டு போயிடும். மருந்தை விட, உடனே கீழே இறக்கறதுதான் வைத்தியம். புயல் நேரத்துல இறக்க வழியில்லைன்னா? அதனாலதான் அந்தப் பதினாலு நாளில் சலுகையே கிடையாது.

அடுத்து, அடிவாரத்துல இருக்கிற பள்ளியில் பனியில் நடக்கப் பயிற்சி. எல்லாரும் ஒரே கயிற்றில் இடுப்பைக் கட்டிக்கிட்டுத்தான் நடக்கணும். மேல பார்த்தா சமதரையா இருக்கும், கால் வெச்சா கீழே நூறடிப் பிளவு. ஒருத்தன் விழுந்தா மத்தவங்க பனியில் கோடரியை ஊன்றி அவனைத் தாங்கணும். வெயில் ஏறினா பனி இளகும், பிளவு வாய் திறக்கும், சரிவு உதிரும். அதனால ராத்திரியில, இல்லைன்னா விடியறதுக்கு முன்னாடி நடை.

அப்புறம் துணிமணி. பட்டுக்குப் பேர் போன பக்கத்துக்காரன் நான், துணியைப் பத்திப் பேசாம இருக்க முடியுமா? அங்கே ஒரே ஒரு கனமான கோட்டு உதவாது. அடுக்கடுக்கா போடணும். உள் அடுக்கு வியர்வையை வெளியே தள்ளணும், நடு அடுக்கு சூட்டைப் பிடிச்சு வைக்கணும், வெளி அடுக்கு காற்றைத் தடுக்கணும். அங்கே குளிருக்குச் சமமான எதிரி வியர்வை. கையுறைக்குள்ள வியர்த்தா அது அங்கேயே உறையும், விரல் போயிடும். வெறுங்கையால துப்பாக்கியைத் தொட்டா தோல் இரும்போட ஒட்டிக்கும். கண்ணாடி போடாம வெள்ளைப் பனியைப் பார்த்துக்கிட்டு நடந்தா கண்ணு அவிஞ்ச மாதிரி ஆயிடும்.

சாப்பாடு? 19,000 அடியில் தண்ணி எண்பது டிகிரி சொச்சத்துலயே கொதிச்சுடும். குக்கர் இல்லைன்னா அரிசி வேகாது. குடிதண்ணியே பனிக்கட்டியை ஸ்டவ்வுல உருக்கி எடுக்கிறதுதான். அதனால மண்ணெண்ணெய்தான் அங்கே உயிர். தண்ணி, சோறு, கதகதப்பு மூணும் அதிலேர்ந்துதான். அதுவே எமனும் கூட. குடிசையை மூடிட்டு அடுப்பு எரிச்சா கரிப்புகை தூக்கத்துலயே முடிச்சுடும்.

இவ்வளவும் செஞ்சுட்டு, புயல் வந்தா என்ன பண்றது? உள்ளே உட்கார்ந்திருக்கணும், அவ்வளவுதான். 2016 டிசம்பர்ல சென்னையை வர்தா புயல் புரட்டிப் போட்டுச்சே, மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல காத்து. அந்த வேகக் காற்றை மைனஸ் நாற்பதுல, பனித்தூளோட, நாள் கணக்குல நினைச்சுப் பாருங்க. உட்கார்ந்தே இருக்கவும் முடியாது. மணிக்கு ஒரு தடவை வெளியே வந்து குடிசை மேல விழுந்த பனியை வாரணும். வாரலைன்னா கூரை அமுங்கும், மூச்சு விடற வழி அடைபடும். சண்டை ஓஞ்ச நாட்களில் கூட அங்கே ஒரு சிப்பாயோட முக்கிய ஆயுதம் மண்வாரிதான்.

1780-ம் 2020-ம்

"ராணுவம் வயித்தால நடக்கும்"ங்கறது எங்க பக்கத்து மண்ணுக்குப் புதுசு இல்லை. காஞ்சிபுரத்துக்கு வடக்கே இருக்கிற புள்ளலூரில் 1780 செப்டம்பர் 10-ஆம் தேதி கர்னல் பெய்லியின் கம்பெனிப் படையை ஹைதர் அலியும் திப்புவும் சுத்தி வளைச்சு முடிச்சாங்க. அதில் நின்னு செத்தவங்களில் பெரும்பாலானவங்க மெட்ராஸ் சிப்பாய்கள். சில மைல் தூரத்துல, காஞ்சிபுரத்துல, ஜெனரல் மன்ரோ பெரிய படையோட இருந்தார். ஆனா தானியக் கையிருப்பை விட்டுட்டு நகரத் தயங்கினார். கடைசியில் கனரக பீரங்கிகளைக் குளத்துல தள்ளிட்டு மெட்ராஸுக்குத் திரும்பி ஓடினார். சிப்பாய் தைரியத்துல குறை இல்லை. பின்னாடி இருந்து வர வேண்டியது வரலை.

மெட்ராஸ் ரெஜிமெண்டின் வேர் 1758-ல இருக்கு. இந்தப் பழைய கதையோட தொடர்ச்சி அவங்க. இப்போ இதைப் பாருங்க: 2020 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் வெச்ச தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை, சியாச்சின் மாதிரி உயரமான இடங்களில் இருக்கிற வீரர்களுக்குப் பனிக்கண்ணாடிகள் பற்றாக்குறை, பூட்ஸ் வாங்கறதுல தாமதம், ரேஷன்ல மாற்றுப் பொருள் கொடுத்ததால கலோரி குறைவுன்னு பட்டியல் போட்டுச்சு. அறிக்கை பார்த்த காலம் 2015-16 முதல் 2017-18 வரை. அந்தப் பத்து பேர் புதைஞ்ச வருஷமும் அதுக்குள்ளதான் வருது. பனிச்சுவர் விழுந்ததுக்கும் கண்ணாடிக்கும் சம்பந்தமில்லைதான். ஆனா குளிருக்குத் தயாராவது சிப்பாயோட வேலை மட்டும் இல்லைன்னு அந்த அறிக்கை சொல்லுது. டில்லியில் ஒரு ஃபைல் மேசை மாறுறதும் அந்தத் தயாரிப்புல சேர்த்தி.

ஆறு நாள்

சாவடி இருந்தது சுமார் 19,600 அடியில். காற்றில் பிராணவாயு நம்ம ஊர்ல இருக்கிறதில் பாதி கூட இல்லை. விழுந்த பனி பாறை மாதிரி இறுகிடுச்சு. நூற்றுக்கும் மேற்பட்டவங்க மேலே போய், நாய்கள், ஊடுருவும் ரேடார், வெட்டும் மெஷின்னு எல்லாத்தையும் வெச்சுத் தோண்டினாங்க. தோண்டின இடத்தைப் புயல் திரும்ப மூடிச்சு. உயிரோட யாரும் இருக்க வாய்ப்பில்லைன்னு அறிவிப்பே வந்தாச்சு.

பிப்ரவரி 8 ராத்திரி, இருபத்தஞ்சு அடிக்கும் கீழே, லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா கொப்பத் உயிரோட கிடைச்சார். தார்வாட் பக்கத்து ஆள். இடிஞ்ச கூடாரத்துக்குள்ள கொஞ்சம் காற்று தங்கியிருந்தது. மறுநாள் டில்லி ராணுவ மருத்துவமனை. நாடே மூச்சைப் பிடிச்சுக்கிட்டு டி.வி. முன்னாடி உட்கார்ந்திருந்தது. 11-ஆம் தேதி அவர் போயிட்டார். மீதி ஒன்பது பேர் உடலையும் கண்டுபிடிச்சிருந்தாங்க, ஆனா கீழே இறக்க வானிலை விடலை. சில நாள் காத்திருந்துதான் ஊருக்கு அனுப்ப முடிஞ்சது.

இதுவாவது சில நாள். 1984 மே மாசம் பனிச்சரிவில் சிக்கின 19 குமாவோன் படையின் சந்திரசேகர் ஹர்போலாவின் உடல் கிடைச்சது 2022 ஆகஸ்டில். முப்பத்தெட்டு வருஷம் ஒரு குடும்பம் ஈமக்கடனுக்குக் காத்திருந்தது. அந்தப் பக்கமும் இதே கதைதான். 2012 ஏப்ரல் 7-ஆம் தேதி கயாரியில் பாகிஸ்தான் முகாமே பனிச்சரிவில் மூடிக்கிச்சு, 140 பேர். ஒரு வருஷத்துக்கு மேல தோண்டிக்கிட்டே இருந்தாங்க.

நம்ம அரசு நாடாளுமன்றத்தில் சொன்ன கணக்குப்படி 1984 முதல் 2015 டிசம்பர் வரை சியாச்சினில் இறந்த இந்திய ராணுவத்தினர் 869 பேர். 2003 நவம்பர்லேர்ந்து அங்கே போர்நிறுத்தம். துப்பாக்கி ஓய்ஞ்சாச்சு, பனி ஓயலை. ரெண்டு நாடும் சேர்ந்து இறங்கலாம்னு பலமுறை பேசிப் பார்த்தாங்க. யார் எங்கே நிக்கிறாங்கன்னு வரைபடத்தில் குறிச்சுக்கிட்டு இறங்கணும்னு நாம கேட்கிறோம், அதுக்கு அவங்க ஒத்துக்கலை. அந்த அவநம்பிக்கையில் நியாயம் இருக்கு, 1999 கார்கிலை யார் மறந்தா? ஆனா அந்த நியாயத்தோட விலையை வருஷா வருஷம் கட்டறவன் வேலூர்க்காரனும் தேனிக்காரனும்தான்.

எங்க ஊர்லேர்ந்து பெங்களூர் ஹைவேயில் மேற்கே போனா வேலூர். அந்தப் பக்கம் கம்மவான்பேட்டைன்னு ஒரு ஊர் இருக்கு. வீட்டுக்கு ஒருத்தராவது ராணுவத்துல இருக்கிற ஊர்னு பேரு. அந்த வீடுகளில் வானிலைச் செய்தி கேட்கிறப்போ காதுல விழற ஊர்ப்பேரே வேறயா இருக்கும்.

திருப்புட்குழிங்கிற பேருக்கு அர்த்தம் தெரியாதவங்களுக்காக: புள்னா பறவை. வானத்துல ராவணனை மறிச்சு விழுந்த ஜடாயுவுக்கு ராமர் மகன் ஸ்தானத்துல நின்னு ஈமக்கடன் செஞ்ச இடம்னு தலபுராணம். விஜயராகவப் பெருமாள் கோயில், முன்னாடி ஜடாயு தீர்த்தம். ஜடாயு ஜெயிக்கலை. ஆனா உயரத்துல தனியா நின்னு மறிச்சவனை அப்படியே விட்டுட்டுப் போகக் கூடாது, தேடிக் கண்டுபிடிச்சு, செய்ய வேண்டியதைச் செஞ்சுட்டுத்தான் நகரணும்னு இந்த ஊர்ப் பேரே சொல்லுது. நூத்துக்கணக்குல ஆளுங்க அந்தப் புயல்ல ஏறிப் போய், பிழைச்சிருக்க மாட்டாங்கன்னு தெரிஞ்சும் தோண்டினாங்களே, அதைப் படிச்சப்போ எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது.

உங்க ஊர்லயும் லீவுக்கு வந்த பட்டாளத்து அண்ணன் யாராவது இருப்பாங்க. டீக்கடையில் பார்த்தா, "அங்கே சோறு எப்படிண்ணே வேகுது?"ன்னு கேட்டுப் பாருங்க. சண்டைக் கதை கேட்டா சிரிச்சுட்டு நகர்ந்துடுவாங்க. சோத்துக் கதை கேட்டா, உட்கார்ந்து சொல்லுவாங்க.