அலுவலக மேசைத் தொலைபேசியில் இணையத் தொடர்பு எண்கள்: அறிய வேண்டியவை

பெர்மாஸ் ஜெயா – கடைவீட்டு மாடியில் இயங்கும் ஒரு சிறு அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். வாடிக்கையாளர், லோரி ஓட்டுநர், சிங்கப்பூர் முகவர் என எல்லா எண்களும் ஒரே ஊழியரின் கைத்தொலைபேசியில் இருக்கின்றன. அவர் வேலையை விட்டால் எண்களும் அவரோடு போய்விடும். அலுவலகத்தில் வோய்ப் எனப்படும் இணையவழித் தொலைபேசி இருந்தால், அந்த எண்களை எல்லா மேசைகளுக்கும் பொதுவாக்கலாம்.

முதலில் தனிக் கணக்கு

ஊழியரின் சொந்த கூகுள் கணக்கை இணைக்கக் கூடாது. அவருடைய உறவினர், மருத்துவர், பிள்ளையின் ஆசிரியர் எண்களும் எல்லா மேசைகளிலும் தெரியும். நிறுவனத்தின் பெயரில் ஒரு கணக்கைத் திறந்து, தொழில் சார்ந்த எண்களை மட்டும் அதில் சேர்க்க வேண்டும். திருத்தங்களையும் அங்கேயே செய்ய வேண்டும்.

மூன்று வழிகள்

1. கோப்பு வழி: கூகுள் தொடர்புகளிலிருந்து பட்டியலை சிஎஸ்வி கோப்பாக இறக்கலாம். அதை 3சிஎக்ஸ், ஃப்ரீபிபிஎக்ஸ் போன்ற தொலைபேசி நிலைய மென்பொருளில் ஏற்றினால், மேசைத் தொலைபேசிகள் அங்கிருந்து பெற்றுக்கொள்ளும். சிறு அலுவலகத்துக்கு இதுவே எளிது. ஆனால் பட்டியல் மாறும்போது மீண்டும் ஏற்ற வேண்டும்.

2. எல்டிஏபி: தொலைபேசி பட்டியலைத் தன்னுள் வைத்துக்கொள்ளாது. பெயரைத் தட்டும்போது சர்வரிடம் கேட்டுப் பெறும். எண்கள் அதிகமுள்ள அலுவலகத்துக்கு ஏற்றது.

3. கார்ட்டேவ்: 2011இல் வரையறுக்கப்பட்ட இம்முறையில் தொடர்புகள் நேரடியாக ஒத்திசைகின்றன. கைத்தொலைபேசிகளில் பரவலாக உள்ள இந்த வசதி மேசைத் தொலைபேசிகளில் குறைவு. வாங்குமுன் கேட்டறிய வேண்டும்.

முதல் இரண்டும் பொதுவாக ஒருவழிப் பாதை. மேசைத் தொலைபேசியில் செய்த திருத்தம் இணையக் கணக்குக்குத் திரும்பிப் போகாது.

பெயர் ஏன் தெரியவில்லை?

எண்ணின் வடிவம் இதற்கு ஒரு முக்கியக் காரணம். பட்டியலில் +6012 என்று இருக்கும். அழைப்போ 012 என்று வரும். சில தொலைபேசிகள் இரண்டையும் வேறு எண்களாகக் கருதும். எல்லா எண்களையும் +60 என்றே சேமித்து, நிலைய மென்பொருளில் மாற்று விதியை அமைக்கச் சொல்ல வேண்டும். 02 என்று தொடங்கும் பழைய சிங்கப்பூர் பதிவுகளை +65 என்று மாற்றுவது நல்லது.

பெயரிலும் கவனம் தேவை. 'லோரி அண்ணன்', 'டயர் அங்கிள்' என்ற பதிவுகள் சேமித்தவருக்கு மட்டுமே புரியும். சுப்பிரமணியம் என்ற பெயரை உரோமன் எழுத்தில் பலர் பலவிதமாக எழுதுகிறார்கள். ஆகவே பெயரோடு நிறுவனத்தையும் குறித்தால் தேடுவது சுலபம். தமிழ் எழுத்தில் சேமித்த பெயர் சில மேசைத் தொலைபேசிகளின் திரையில் வெறும் கட்டங்களாகத் தெரியும். முதலில் ஒரு பெயரைச் சோதித்துப் பார்க்கலாம்.

சட்டமும் பாதுகாப்பும்

வாடிக்கையாளரின் பெயரும் எண்ணும் தனிநபர் தரவு. வணிகத்துக்காக அவற்றை வைத்திருப்போரை மலேசியாவின் 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. 2024இல் திருத்தப்பட்ட பிறகு, அதன் பாதுகாப்புக் கோட்பாடுகளை மீறுவோருக்கு 10 லட்சம் ரிங்கிட் வரை அபராதம் விதிக்க இடமுண்டு. எனவே பட்டியல் உள்ள சர்வர் முகவரியை இணையத்தில் யாரும் திறக்கும்படி விடாமல், கடவுச்சொல் இட வேண்டும். ஊழியர் விலகும் நாளிலேயே அந்தக் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும்.

தொடங்கும்போது பத்து எண்களை மட்டும் ஏற்றி, ஒரே தொலைபேசியில் சோதிப்பது நல்லது. உள்ளூர்க் கைத்தொலைபேசி, 07 நிலையான எண், சிங்கப்பூர் எண் ஆகிய மூன்றிலிருந்தும் அழைக்கச் சொல்லி, மூன்றிலும் பெயர் சரியாக வந்தால் முழுப் பட்டியலையும் ஏற்றலாம்.