பிளாக் லிஸ்ட்னு சொன்னது யாரு? ஒரு சின்ன த்ரெட்

1/ வாலாஜாபாத்துல பட்டு நெய்யும் ஒரு பெரியவர். பிரஷர் பார்க்க வந்தவர் போனை நீட்டினார். "டாக்டர், மத சுதந்திரம் இல்லைன்னு அமெரிக்கா நம்மளை பிளாக் லிஸ்ட்ல போட்டுடுச்சாமே? நம்ம தெருவுல இருக்கிற மத்த மதக்காரங்கதான் போட்டுக் கொடுத்திருப்பாங்க." கடைசி வரிதான் எனக்குத் திக்குனு இருந்துச்சு.

2/ முதல்ல வரலாறு. 1998 அக்டோபரில் கிளிண்டன் சர்வதேச மத சுதந்திரச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதில் 2 ஏற்பாடுகள். வெளியுறவுத் துறைக்குள் ஒரு சிறப்புத் தூதர். வெளியுறவுத் துறைக்கு வெளியே, 9 உறுப்பினர் கொண்ட, சுதந்திரமான ஓர் அரசு ஆணையம். உறுப்பினர்களுக்குச் சம்பளம் கிடையாது.

3/ இதை நம்ம பாஷையில சொல்றேன். ஆணையம் செகண்ட் ஒப்பீனியன் தர்ற டாக்டர் மாதிரி. மருந்துச் சீட்டு எழுதுறது வெளியுறவுத் துறை. 2020 முதல் 2024 வரை, இந்தியாவை அந்தப் பட்டியலில் சேர்க்கணும்னு ஆணையம் ஒவ்வொரு வருஷமும் பரிந்துரைத்தது. வெளியுறவுத் துறை ஒருமுறைகூட ஏற்கவில்லை.

4/ அப்போ இதெல்லாம் சும்மாவா? அப்படியும் இல்லை. 2005-ல் அப்போதைய குஜராத் முதல்வர் மோடியின் விசா ரத்தானது இந்தச் சட்டம் கொண்டுவந்த பிரிவின்படிதான். 2014-ல் பிரதமராக அவர் அமெரிக்கா போனதும் வரலாறுதான்.

5/ இந்தியா சொல்வது: எங்கள் அரசியல் சாசனம் தந்த உரிமையைப் பற்றித் தீர்ப்பு சொல்ல வெளியாட்களுக்கு உரிமை இல்லை. 2016-ல் ஆணையக் குழுவுக்கு விசாவும் தரவில்லை. நோயாளியை நேரில் பார்க்காம எழுதின ரிப்போர்ட்டில் குறை இருக்கலாம். அதுக்காக ரிப்போர்ட்டைக் கிழிச்சா நோய் போயிடுமா?

6/ வெளியாள் நம்ம மதத்தைப் பத்திப் பேசினா ஏன் இவ்வளவு சுருக்குனு இருக்கு? பழைய காயம் ஒண்ணு இருக்கு. பாலாற்றங்கரையிலேயே மேற்கே போனா வேலூர். 1806-ல் கம்பெனி அங்கே சிப்பாய்களுக்குப் புதுத் தலைப்பாகையை மாட்டியது; நெற்றிக்குறி கூடாது, தாடியைத் திருத்தணும்னது. ஜூலை 10-ல் கோட்டை வெடித்தது. கவர்னர் பெண்டிங்கையும் படைத்தளபதி கிராடக்கையும் லண்டன் திருப்பி அழைத்தது. ஆனா அது ஆணை. மீறினா கசையடி. இது வெறும் கருத்து.

7/ அடுத்த முறை ஃபார்வர்ட் வந்தா ஒரே கேள்வி கேளுங்க: சொன்னது ஆணையமா, வெளியுறவுத் துறையா? பதில் எதுவானாலும், வாஷிங்டனில் யாரோ எழுதின வரிக்கு உங்க தெருக்காரர் பொறுப்பில்லை. பெரியவர்கிட்ட இதைத்தான் சொன்னேன். பிரஷர் மாத்திரையையும் விடாம போடச் சொன்னேன்.