இரணைதீவு மீள்திரும்பல்

இரணைதீவு மீள்திரும்பல் என்பது, இலங்கையின் கிளிநொச்சி மாவட்டத்தின் பூநகரிப் பிரதேச செயலர் பிரிவிலுள்ள இரணைதீவின் மக்கள், 1992இல் தாம் விட்டுப் பெயர்ந்த ஊருக்கு 2018 ஏப்ரல் 23ஆம் நாள் வெள்ளைக் கொடி கட்டிய படகுகளில் தாமாகவே திரும்பிச் சென்று தங்கிய நிகழ்வைக் குறிக்கும். கடற்படை நிலைகொண்டிருந்த தீவில், ஒரு கல்லும் எறியாமல், ஒரு வெடியும் தீராமல் அவர்கள் கால்வைத்தனர். போருக்குப் பிந்திய வன்னியில் அறவழி கைகொடுத்த இடங்களுள் இதுவே தலையாயது.

முன்வரலாறு

வடபுலத்தாருக்குச் சத்தியாக்கிரகம் புதிதன்று. 1927 நவம்பரில் காந்தி யாழ்ப்பாணம் வந்து போனார். அந்த வருகையைக் கண்ட தலைமுறையே பின்னாளில் அரசியலிலும் ஆசிரியத் தொழிலிலும் நின்றது. 1956 ஜூன் 5ஆம் நாள், சிங்களம் மட்டும் சட்டமூலத்தை எதிர்த்துத் தமிழரசுக் கட்சியினர் கொழும்புக் காலிமுகத்திடலில் அமர்ந்தபோது கும்பல் அவர்களை அடித்து விரட்டியது. அடி வாங்கியவர்கள் திருப்பி அடிக்கவில்லை.

அந்த வழியின் உச்சம் 1961. அவ்வாண்டு பெப்ரவரி 20ஆம் நாள் யாழ்ப்பாணக் கச்சேரி (அரச அதிபர் அலுவலகம்) வாசலில் தமிழரசுக் கட்சியின் செல்வநாயகம் தலைமையில் தொண்டர்கள் அமர்ந்தனர். உள்ளே போகவும் வெளியே வரவும் வழியில்லாதபடி நிலத்தில் படுத்தனர். பொலிசார் காலைப் பிடித்து இழுத்தார்கள். இழுபட்டவர்கள் எழுந்து வந்து மீண்டும் அதே இடத்தில் படுத்தார்கள். வவுனியா, மன்னார், திருகோணமலை, மட்டக்களப்புக் கச்சேரிகளும் அடுத்தடுத்து முடங்கின. கிளிநொச்சி அப்போது யாழ்ப்பாண மாவட்டத்துக்குள் அடங்கியிருந்தது. 1984இலேயே தனி மாவட்டமாயிற்று. இரண்டு மாதம் நீடித்த அந்தப் போராட்டத்தை அரசு ஏப்ரல் 17ஆம் நாள் அவசரகாலச் சட்டத்தாலும் இராணுவத்தாலும் கலைத்துத் தலைவர்களைப் பனாகொடை முகாமில் தடுத்துவைத்தது. எதிரியின் மனத்தைத் தொடுவதற்குக் காலம் வேண்டும். 1961இல் அந்தக் காலம் கொடுக்கப்படவில்லை.

அதன் பின் ஆயுத ஆண்டுகள் வந்தன. 2009இல் போர் முடிந்த பின்னர் வன்னியில் மக்கள் மீண்டும் நிலத்தில் அமர்ந்தனர். 2017 பெப்ரவரி 20ஆம் நாள், கச்சேரி மறியல் தொடங்கிய அதே திகதியில், காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் அருகே தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். முல்லைத்தீவுக் கேப்பாப்புலவில் விமானப்படை முகாம் வாசலில் பிள்ளைகளோடு இரவும் பகலும் கிடந்த பிலவுக்குடியிருப்பு மக்கள், ஒரு மாதத்தில், மார்ச் 1ஆம் நாள், தம் காணியை மீட்டனர். ஏப்ரல் இறுதியில் மன்னார் முள்ளிக்குளத்தார் கடற்படையிடமிருந்து காணி விடுவிப்புக்கான உறுதிமொழி பெற்றனர். இரண்டு நாள் கழித்து, மே முதலாம் நாள், முழங்காவிலையடுத்த இரணைமாதா நகரில் இரணைதீவார் கொட்டகை போட்டு அமர்ந்தனர்.

தீவும் மக்களும்

இரணை என்பது இரட்டையைக் குறிக்கும் பழஞ்சொல். இரணைமடுவின் பெயரிலும் அதுவே உள்ளது. பெரியதீவு, சின்னதீவு எனும் இரண்டும் சேர்ந்ததே இரணைதீவு. மக்கள் கத்தோலிக்கர், கடற்றொழிலாளர். ஆண்கள் வலைக்குப் போக, பெண்கள் கரையோர ஆழமற்ற நீரில் கடலட்டை பிடித்துக் குடும்பத்தைப் பார்த்தனர். இடம்பெயர்ந்தபின் அந்தக் கடலுக்கே எரிபொருள் ஊற்றிப் போய்வர வேண்டியதாயிற்று. கணவனை இழந்த பெண்களுக்கு அந்தச் செலவு தாங்கவில்லை. போர் முடிந்த பிறகும் தீவில் இராத்தங்க அனுமதி கிடைக்கவில்லை.

2018 ஏப்ரல் 23

கொட்டகையில் ஏறத்தாழ ஓராண்டு காத்திருந்தவர்கள், ஒருநாள் காலை ஏறத்தாழ 40 படகுகளில் ஏறினர். கிழவிகள், இளம் தாய்மார், குருக்கள், தெற்கிலிருந்து துணைக்கு வந்த சிங்களச் செயற்பாட்டாளர் என எல்லோரும் இருந்தனர். படகுகளில் நட்ட தடிகளில் வெள்ளைத் துணி பறந்தது. கடலில் எவரும் மறிக்கவில்லை. கரையேறியவர்கள் முகாமை நோக்கிக் கூச்சலிடவில்லை; முதலில் மாதா கோயிலுக்குப் போய்ச் செபித்தனர். பேச வந்த கடற்படையினரிடம், இது எங்கள் ஊர், காணி உறுதி இருக்கிறது, இனி இங்கேதான் இருப்போம் என்றனர். அன்றிரவு அங்கேயே தங்கினர். இடிந்த வீடுகளைச் சுற்றி வளர்ந்த பற்றையை மறுநாளிலிருந்து வெட்டத் தொடங்கினர். மே 15ஆம் நாள் மீள்குடியேற்ற அமைச்சின் செயலாளரும் கடற்படை அதிகாரிகளும் தீவுக்கு வந்து மீள்குடியேற்றத்துக்கு இணங்கினர்.

வன்னியில் வெள்ளைக் கொடிக்கு, போரின் முடிவில் அதை ஏந்திச் சரணடைய வந்தோர் கொல்லப்பட்டதாகச் சொல்லப்படும் 2009 மே மாதத்திலிருந்து ஒரு கனத்த நினைவு உண்டு. அதே துணியைச் சரணடைவதற்கன்றி வீடு திரும்புவதற்காக ஏந்தினர் என்பதே இந்நிகழ்வின் உயிர். சுடுவதற்குக் கட்டளை பெற்றவனுக்கும் ஒரு காரணம் வேண்டும். செபமாலையோடு கரையேறும் கிழவி அந்தக் காரணத்தைத் தரமாட்டாள். 1930இல் இதே ஏப்ரல் 23ஆம் நாள், பிரித்தானியர் ஆண்ட பெஷாவரின் கிஸ்ஸா கவானி கடைத்தெருவில் ஆயுதமில்லாத கூட்டத்தைச் சுட மறுத்த சந்திரசிங் கார்வாலியும் அவருடைய கார்வால் படையினரும் இதற்கு மூத்த சான்று. அங்கே அன்று பலர் சுடப்பட்டு இறந்தனர். இரணைதீவில் எவருக்கும் காயமில்லை. அன்றைய அரசின் இளகிய போக்கே காரணம் என்பாரும் உளர். ஆனால் அதே அரசின் காலத்தில்தான் மக்கள் ஓராண்டு கொட்டகையில் கிடந்தனர்.

2021

கொரோனாவால் இறந்தவர்களின் உடல்களைக் கட்டாயமாக எரிக்கும் விதி, முஸ்லிம்களைப் பெரிதும் வருத்தியபின், 2021 பெப்ரவரி இறுதியில் கைவிடப்பட்டது. மார்ச் 2ஆம் நாள் அரசு அடக்கத்துக்கு இரணைதீவைத் தெரிந்தெடுத்தது. தீவார் மறுநாளே எதிர்த்து நின்றனர். இறந்தவர்களை அவரவர் ஊரில், உறவினர் விரும்பும் இடத்தில் அடக்கவேண்டும் என்றே கேட்டனர். தம் எதிர்ப்பை முஸ்லிம்களுக்கு எதிராகத் திருப்பாதமை தனியே குறிக்கத்தக்கது. சில நாட்களில் அடக்கம் மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடிக்கு மாற்றப்பட்டது.

இன்றைய நிலை

தீவில் மக்கள் வாழ்கின்றனர், கடற்படையும் உள்ளது. பல குடும்பங்கள் பிள்ளைகளின் படிப்புக்காக இரணைமாதா நகரிலும் வீடு வைத்திருக்கின்றன.