வெண்மைப் பற்களும் கோதுமைப் புரதமும்

உண்ணும் உணவில் காட்டும் எச்சரிக்கையை வாயில் இடும் ஏனைய பொருட்களில் நாம் பெரும்பாலும் காட்டுவதில்லை. சீலியாக் நோயாளர்களுக்கு இது சிறிய விடயமன்று. கோதுமை, வாற்கோதுமை, றை ஆகிய தானியங்களிலுள்ள குளுட்டன் என்னும் புரதம் உட்சென்றால், அவர்களது நோயெதிர்ப்புத் தொகுதி சிறுகுடலின் உட்சுவரையே தாக்குகின்றது. குளுட்டனை வாழ்நாள் முழுவதும் தவிர்ப்பதே இதற்குள்ள சிகிச்சையாகும்.

பற்களை வெண்மையாக்கும் பொருட்களில் வேலை செய்வது ஐதரசன் பேரொட்சைட்டு அல்லது காபமைட் பேரொட்சைட்டு. இவற்றில் குளுட்டன் கிடையாது. ஐயம் எழுவது சுவையூட்டிகள், மாப்பொருள், தானியப் புரதச் சாறுகள் போன்ற துணைச் சேர்மானங்களிலேயே. பற்பசையைத் துப்பிவிடுகிறோம், பற்களில் ஒட்டும் பட்டிகளும் அச்சில் இடும் ஜெல்லும் நெடுநேரம் வாயில் இருப்பதால் உமிழ்நீருடன் சிறிதளவு உட்செல்லவே செய்யும்.

இங்கு சட்டத்தின் துணையும் குறைவு. பத்து இலட்சத்தில் 20 பங்கிற்குக் குறைந்த குளுட்டன் உள்ளதையே 'குளுட்டன் அற்றது' எனலாம் என அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2013இல் வகுத்த விதி உணவுக்கு மட்டுமே உரியது. அழகுசாதனப் பொருட்களின் உறைகளில் கோதுமை 'ட்ரிடிகம் வல்கேர்' எனவும், வாற்கோதுமை 'ஹோர்டியம் வல்கேர்' எனவும் இலத்தீன் பெயர்களில் ஒளிந்திருப்பதுண்டு. கிளிசரின் எதிலிருந்து பெறப்பட்டது என வினவிப் பற்பசை வாங்கும் முஸ்லிம் இல்லங்களுக்கு இத்தகைய தேடல் புதிதன்று. ஆயினும் ஹலால் முத்திரை குளுட்டனைப் பற்றி எதுவும் கூறாது என்பது கவனிக்கத்தக்கது. உறை தெளிவுபடுத்தாவிடின் உற்பத்தியாளரிடம் எழுத்தில் கேட்பதே வழி.

அதற்காகப் பீதியடையவும் வேண்டியதில்லை. இத்தாலிய ஆய்வாளர்கள் பற்பசை, வாய்கொப்பளிப்பு நீர், உதட்டுச்சாயம் உள்ளிட்ட 66 பொருட்களைச் சோதித்து 2019இல் வெளியிட்ட ஆய்வில், நான்கு மாத்திரமே மேற்கூறிய எல்லையைத் தாண்டியிருந்தன.

எமது பார்வையில் இதைவிட முக்கியமான கேள்வி வேறொன்று. பல் ஏன் நிறம் மாறியது? சிறுவயதிலேயே சீலியாக் நோய் ஏற்பட்டால், உருவாகிவரும் பல்லின் மிளிரி பாதிப்புற்று, இருபுறமும் ஒத்த பற்களில் வெண்மை, மஞ்சள், கபில நிறத் திட்டுகள் தோன்றலாம். இவை வெளிக்கறையல்ல; பேரொட்சைட்டு இவற்றைச் சீராக்காது, பலவீனமான மிளிரியில் கூச்சத்தையே மிகுவிக்கும். வயிற்றுக் கோளாறு பெரிதாக இல்லாத சிலரில் இத்திட்டுகளே நோயின் முதல் அடையாளமாவதும் உண்டு. அத்தகையோர் வெண்மையாக்கியை நாடுமுன் இரத்தப் பரிசோதனையை நாடுவதே முறை. பரிசோதனை முடியுமுன் தாமாகக் கோதுமையை நிறுத்தினால் முடிவு பிழைக்கும்.

இலங்கையின் வடமத்திய மாகாணத்தில் இத்தகைய திட்டுகளுக்குக் கிணற்று நீரிலுள்ள மிகையான புளோரைட்டும் காரணமாவதால், இரண்டையும் பிரித்தறியப் பல் வைத்தியரே தேவை. ஐரோப்பிய ஒன்றியம் 2011இல் 0.1 வீதத்திற்கு மேல் 6 வீதம் வரை ஐதரசன் பேரொட்சைட்டு கொண்ட பொருட்களைப் பல் வைத்தியர்களுக்கு மட்டுமே விற்கவேண்டும் எனவும், 18 வயதிற்குக் குறைந்தோருக்குப் பயன்படுத்தலாகாது எனவும் விதித்தது. வைத்தியரிடம் செல்வோர் தமது நோயை முன்கூட்டியே அறிவித்தால், அவர் பயன்படுத்தும் மெருகுப் பசையின் சேர்மானங்களையும் பார்த்துக்கொள்ள அவருக்கு அவகாசம் கிடைக்கும்.