ஆடும் சக்கரம்

மருத்துவமனையின் நீண்ட தாழ்வாரத்தில் நோயாளியைத் தள்ளுவண்டியில் கிடத்தித் தள்ளிச் செல்வதைப் பார்த்திருப்பீர்கள். சில வேளைகளில் அதன் சக்கரம் ஒன்று இடமும் வலமுமாகப் படபடவென்று ஆடும், வண்டி குலுங்கும், படுத்திருப்பவர் வலியால் முகம் சுளிப்பார். 'சக்கரம் பழையது' என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் இதே ஆட்டம் ஒரு காலத்தில் விமானப் பொறியாளர்களையும் கலங்க வைத்தது!

எத்திசையிலும் திரும்பும் இச்சிறு சக்கரத்துக்குக் காஸ்டர் என்று பெயர். 18ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்தில் மேசை, நாற்காலிகளின் கால்களில் இதைப் பொருத்தினர். 1876ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வாஷிங்டன் நகரைச் சேர்ந்த டேவிட் ஃபிஷர், மரச்சாமான்களுக்கான காஸ்டர் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார்.

அதன் அமைப்பை உற்று நோக்குங்கள். சக்கரத்தின் அச்சு, செங்குத்துத் தண்டுக்கு நேர் கீழே இராது, சற்று விலகியிருக்கும். வண்டியைத் தள்ளும்போது தண்டு முன்னே செல்லும்; சக்கரம் பின்தங்கும். தரையின் உராய்வு விசை தண்டுக்குப் பின்னால் செயற்படுவதால் ஒரு திருப்புத்திறன் உண்டாகிறது. கயிற்றில் இழுக்கப்படும் கன்றுக்குட்டியைப் போல, சக்கரம் வண்டி செல்லும் திசைக்குத் தானே திரும்பிவிடுகிறது. அந்தச் சிறு விலகல் இல்லையெனில் காஸ்டரே இல்லை.

ஆனால் நன்மை செய்யும் அந்த விலகலே தொல்லைக்கும் இடம் தருகிறது. 1930களின் பிற்பகுதியில் மூக்கின் கீழ் சக்கரம் கொண்ட விமானங்கள் பெருகத் தொடங்கின. மூக்குச் சக்கரமும் ஒரு காஸ்டரே. ஓடுபாதையில் அது கடுமையாக ஆடினால், தாங்கும் கால் முறியவும் கூடும். அமெரிக்காவின் லாங்லி ஆய்வுக்கூடத்தில் ஆர்தர் காண்ட்ரோவிட்ஸ் என்ற இளம் இயற்பியலறிஞர் இதை ஆராய்ந்தார். அவரது அறிக்கை 1940இல் வெளிவந்தது.

மிக மெதுவாக உருட்டினாலும், டயர் பக்கவாட்டில் நெளிவதால் சக்கரத்தின் பாதை பாம்புபோல் வளைந்து செல்வதை அவர் கண்டார். வேகம் கூடும்போது சக்கரம் நேர்நிலையில் நிற்காமல் மறுபுறம் தாண்டிவிடுகிறது. முன்னோக்கிய இயக்கத்திலிருந்தே ஆற்றல் பெற்று, அலைவின் வீச்சு வளர்கிறது. தண்டில் போதிய உராய்வையோ பாகுநிலைத் தடையையோ ஏற்படுத்தி அதை அடக்கலாம் என்று அவர் கணக்கிட்டார். சக்கரம் பக்கவாட்டில் சிறிது நகர இடமளிப்பது அவர் காட்டிய புதிய வழி.

மருத்துவமனை வண்டியின் சக்கரம் கெட்டியானது. டயரைப் போல் நெளியாது. எனினும் தளர்ந்த தாங்கியும் வளையும் சட்டமும் அதே வேலையைச் செய்கின்றன.

ஆகவே தள்ளுவண்டி வாங்கும்போது, வழவழவென்று சுழலும் காஸ்டரே சிறந்தது என்று எண்ணிவிடாதீர்கள். தண்டில் ஆட்டம் இருக்கிறதா என்று அசைத்துப் பாருங்கள். நீண்ட தாழ்வாரத்துக்கு இரண்டு நிலைச்சக்கரங்களும் இரண்டு காஸ்டர்களும் ஏற்றவை. குறுகிய அறைக்கு நான்கும் காஸ்டர்களாக இருக்கலாம். மேடுபள்ளத் தரையில் ஒரு சக்கரம் தரையைத் தொடாமற் போகும். எனவே மொத்த எடையை நான்கால் அல்ல, மூன்றால் வகுத்து, அந்த அளவைத் தாங்கும் சக்கரத்தைத் தேர்ந்தெடுங்கள்.

அடுத்த முறை ஆடும் சக்கரத்தைக் கண்டால், பழையது என்று சொல்லி நகர்ந்துவிடாதீர்கள். வண்டியில் ஒருவர் படுத்திருக்கிறார் அல்லவா?